மாப்பிள்ளைக்குப் புது மூளை

உருவான ஆண்டு 1986. செய்தவர் அண்ணன், திருகாணி முடுக்கியவர் தங்கை. இயக்கம் நின்ற ஆண்டு 1991. அதன்பின் இருந்த இடங்கள்: அப்பா வீட்டு மாடிப்படியின் அடி, அண்ணன் வீட்டுப் பரண், இப்போது தங்கை வீட்டு வேலையறை. உயரம் இடுப்பளவு. தலை, கவிழ்த்து வைத்த வாளியின் வடிவம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பழைய ரோபோவின் முதுகுப் பலகையைக் கழற்றுவதற்கு முன், நாங்கள் லிஃப்ட் அக்கா என்று அழைக்கும் அந்தத் தங்கை அதன் தலையில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டார். பதில் வராததை உறுதி செய்துகொண்ட பிறகே திருப்புளியைக் கையில் எடுத்தார்.

கேலிக்காகச் செய்ததன்று. இருபத்தாறு ஆண்டுகளாக மின்தூக்கிகளைப் பராமரிப்பவர் அவர். தூக்கிக் குழிக்குள் கை வைப்பதற்கு முன் மேலும் கீழும் குரல் கொடுத்துப் பார்ப்பது அத்தொழிலின் முதல் பாடம். பாடம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. துணி துவைக்கும் இயந்திரத்தைத் திறந்தாலும் கேட்பார். கணவரின் கைப்பெட்டியைத் திறந்தாலும் கேட்பார். "கேட்டா என்ன குறைஞ்சா போகுது? கேக்காம விட்டு ஒருத்தர் விரல் போச்சுன்னா யாரு ஒட்ட வைக்கிறது?" என்பது அவர் தரப்பு நியாயம்.

வயது ஐம்பத்தொன்று. வேலை நாளில் அணிவது ஆண்களுக்கான முழுக்கைச் சட்டை. அதன் பையில் ஒரு டெஸ்டர், ஒரு சுண்ணக்கட்டி, பல் மருத்துவர்கள் வைத்திருப்பதைப் போன்று பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று. எட்டாத மூலைகளை அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பார். இயந்திர அறைகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவருடைய குரலுக்கு ஒரே அளவுதான் தெரியும். அவர் கணவரிடம் சொல்லும் ரகசியம் ஒரு தளம் மேலே குடியிருக்கும் எனக்கு வரிக்கு வரி கேட்கும். இந்தச் சித்திரத்தின் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததே.

எதைக் கேட்டாலும் முதலில் அவர் சொல்லும் சொல் "ஆகும்". பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருக்கும் கணவர் இதைப் பற்றிச் சொல்வது: "அவ ஆகும்னு சொல்லிட்டு அப்புறந்தான் எப்படின்னு யோசிப்பா. எனக்கும் அப்படித்தான் கழுத்தை நீட்டினா."

சொற்களில் அவர் மிகக் கறார். ஒரு குடியிருப்பின் செயலாளர் பதறிப்போய்த் தொலைபேசியில், "அம்மா, லிஃப்ட் நின்னுடுச்சு" என்றால், அக்கா உடனே கிளம்பிவிட மாட்டார்.

"நின்னுச்சா, நிறுத்திக்கிச்சா, மாட்டேங்குதா?"

"ஏம்மா, எல்லாம் ஒண்ணுதானே?"

"உங்க பையன் ஸ்கூலுக்குப் போகல. காய்ச்சலா, லீவா, அடம் பிடிக்கிறானா? மூணும் ஒண்ணுன்னா சொல்லுங்க, நான் வரவே வேணாம்."

நின்றது என்றால் மின்சாரம் இல்லை. நிறுத்திக்கொண்டது என்றால் பாதுகாப்புச் சுற்று ஏதோ ஆபத்தைக் கண்டு தூக்கியைப் பிடித்து வைத்திருக்கிறது. மாட்டேங்குது என்றால் எல்லாம் சரியாக இருந்தும் தூக்கி நகர மறுக்கிறது. கதவிடுக்கில் ஒரு பாட்டில் மூடி சிக்கியிருக்கலாம், உள்ளே ஆள் அதிகமாக ஏறியிருக்கலாம். மூன்றுக்கும் அவர் எடுத்துச் செல்லும் பை வேறு.

ரோபோவின் பெயர் மாப்பிள்ளை. வைத்தவர் அவர்களுடைய அப்பா. அண்ணன் தம் பதினெட்டாம் வயதில், பொழுதுபோக்காளர்களுக்கென்று விற்கப்பட்ட உதிரிப் பாகங்களை அஞ்சலில் வரவழைத்து, அம்மா துணி அலசும் பேசினில் அமிலம் ஊற்றிச் செப்புத் தகட்டை அரித்து மின்சுற்றுப் பலகை செய்து, அதை ஓட வைத்தார். முதன்முறை அது சமையலறைக்குள் உருண்டு வந்தபோது அப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஒரு வேலையும் செய்யாது. ஆனா வந்தா எல்லாரும் எழுந்து வழி விடணும். மாப்பிள்ளைன்னே கூப்பிடுங்க." பிற்பாடு அக்காவுக்குத் திருமணமாகி, உண்மையான மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். "நான் இந்தக் குடும்பத்துக்கு ரெண்டாவது மாப்பிள்ளைங்க. மூத்தவர் பேட்டரி இல்லாம கிடந்ததால எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைச்சுது" என்று அவரே அறிமுகம் செய்துகொள்வார்.

மூத்தவர் நின்றுபோன விதம் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரே விதமாகப் பதிவாகவில்லை. உறவினர் முன்னிலையில் அதன் தட்டின் மேல் புத்தகங்கள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டன. மாட்டேன் என்று சொல்ல அதற்குத் தெரியாது. இழுத்தது, இழுத்தது, பலகை கருகியது. அடுக்கியவர் தங்கை என்கிறார் அண்ணன். அண்ணன் என்கிறார் தங்கை. புகை வெள்ளையாக வந்தது என்பதில் மட்டும் இரு தரப்புச் சாட்சியங்களும் ஒத்துப்போகின்றன.

அண்ணன் தொலைபேசி அலுவலகத்தில் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்றவர். மகளுடைய ஊருக்குக் குடிபெயர ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். அங்கே வீடு சிறியது. பழைய மின்னணுப் பொருள்களைக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் மாப்பிள்ளையைக் கொடுத்துவிடுவதாக ஜனவரியில் வாக்குக் கொடுத்தார். கொடுக்கும் முன் துடைத்து வைக்கத் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். அவர் சொன்ன சொற்கள்: "கொஞ்சம் தூசி தட்டி வை."

பிப்ரவரி இறுதியில் ஒரு மாலை அவர் மறுபடி அழைத்தார். அக்காவின் இரு கைகளும் வேலையில் இருந்ததால் கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"எந்த மாப்பிள்ளை?"

"சின்னவருக்கு என்ன, நல்லாத்தான் இருப்பார். மூத்தவரைக் கேக்கறேன்."

"ஆபரேஷன் முடிஞ்சுது. கண்ணு முழிச்சாச்சு."



"என்ன ஆபரேஷன்?"

"மூளை."

"நான் தூசிதானே தட்டச் சொன்னேன்?"

"தட்டினேன். மூளைதான் தூசியா இருந்துச்சு."

"ஏம்மா, அந்த மனுஷன் கேட்டதே உள்ள இருக்கற என் போர்டுக்காகத்தான். என் கையால அரிச்ச போர்டு. அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது வாளி."

"போர்டு பத்திரமா பெட்டியில இருக்கு. ஒரு கம்பியைக்கூட வெட்டல, எல்லாத்துலயும் சீட்டு ஒட்டியிருக்கேன். நீ சொன்னா ஒரு மணி நேரத்துல திருப்பி மாட்டிடுவேன். ஆனா அண்ணா, பழைய மூளையோட அது நிக்கும். புது மூளையோட நடக்கும். எது வேணும் உனக்கு?"

"வாக்கு குடுத்துட்டேனே."

"சரி, ஒண்ணு பேசிக்கலாம். எட்டாம் தேதி சனிக்கிழமை நீ இங்க வா. மூணாவது மாடியிலேருந்து ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வந்து கீழ்த்தளத்துல உன் கையில குடுக்கும். குடுத்தா இங்கேயே இருக்கட்டும். சிந்தினாலோ, பாதியில நின்னாலோ, நானே பழைய போர்டை மாட்டி அலமாரிக்காரர் வண்டியில ஏத்தி விடறேன். மூச்சு விட மாட்டேன்."

"பேசினது பேசினதுதான். அது என்ன மூணாவது மாடி? உங்க வீடு ரெண்டாவது மாடிதானே?"

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அக்காவின் வீட்டில் ஒரே நீளமான நடைவழி. அதில் நான்கு வாசல்கள். பிறர் கண்ணுக்கு அது நடைவழி. அவர் கண்ணுக்கு அது படுக்க வைத்த மின்தூக்கிக் குழி. மாப்பிள்ளையின் புது மூளைக்கு அவர் எழுதிய நிரலில் முன்னறை கீழ்த்தளம், படுக்கையறை முதல் தளம், வேலையறை இரண்டாம் தளம், சமையலறை மூன்றாம் தளம். தளம் வந்துவிட்டதைத் தூக்கிகள் அறிந்துகொள்வது குழியில் ஒட்டிய காந்தங்களால். ஆகவே ஒவ்வோர் அறை வாசலிலும் தரையில் ஒரு காந்தம். ஒவ்வொரு சுவரிலும், இடிக்கப்பட்ட கட்டிடமொன்றின் தூக்கியிலிருந்து எடுத்த அழைப்புப் பொத்தான். அழுத்தினால் சுற்றிலும் சிவப்பு வளையம் எரியும். நிரல் எழுதி முடிக்கும் முன்பே வீட்டாரின் பேச்சும் மாறிவிட்டது. "ஏங்க, மூணாவது மாடியில பால் பொங்குது பாருங்க" என்று அக்கா கூவியதைக் கேட்டு, எங்கள் வீட்டு அடுப்பைப் பார்க்க நானே ஒருமுறை ஓடியிருக்கிறேன்.

பழைய கட்டிடத்துத் தூக்கியைப் புதுப்பிக்கும்போது கடைப்பிடிக்கும் முறையைத்தான் ரோபோவுக்கும் கையாண்டார். தூக்கியில் தண்டவாளம், எதிரெடை, மோட்டார் மூன்றும் நன்றாக இருந்தால் அவற்றை யாரும் தொடுவதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். மாப்பிள்ளையின் மோட்டார்கள், பல்சக்கரங்கள், உடல் ஆகியவை அப்படியே இருக்கின்றன. பள்ளிச் சிலேட்டு அளவிலிருந்த மூளை போய், பிஸ்கட் அளவில் ஒன்று வந்தது. செங்கல் போன்ற பேட்டரியின் இடத்தில் சோப்புக்கட்டி போன்ற ஒன்று. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கொண்டு தூரம் அறியும் பொன்னிற வட்டுகள் இரண்டும் நெற்றியில் பழையபடியே உள்ளன. ஆனால் அவை பேசுவது ஐந்து வோல்ட்டில், புது மூளைக்குத் தாங்குவது மூன்று சொச்சம். நடுவே நகத்தளவுச் சில்லு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். "பழைய ஆளு என்னை மாதிரி, சத்தமாத்தான் பேசுவார். புதுசுக்குக் காது மெல்லிசு. நேரடியாப் பேசவிட்டா செவிடாயிடும். அதான் நடுவுல ஒரு பஞ்சாயத்து."

குரலும் தூக்கியிலிருந்து வந்ததே. கழித்துக்கட்டிய அறிவிப்புக் கருவியொன்றில் ஒரு பெண் முன்பே பதிவு செய்திருந்த வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கதவு கிடையாது. இருந்தும் புறப்படும்போது "கதவு மூடுகிறது" என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் பெருமைப்பட்டது, பழையதற்குத் தெரியாத ஒன்றைப் புதியதற்குக் கற்பித்ததில்தான். பாரம் மிகுந்தால் அது நகராது. மணியடித்து, "எடை அதிகம். ஒருவர் இறங்கவும்" என்னும்.

மார்ச் எட்டாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு அண்ணன் வந்தார். கையில், உடையும் பொருள்களைச் சுற்றும் பபிள் ஷீட் சுருள் ஒன்று. அலமாரிக்காரர் ஐந்து மணிக்கு வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். அந்தச் சுருளைப் பார்த்தும் பார்க்காததுபோல் அக்கா தண்ணீர்க் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாட்சி ஒருவர் வேண்டும் என்று என்னையும் கீழே அழைத்திருந்தார்கள். மைத்துனர் வருகிறாரே என்று கணவர், அலமாரிக்கு மேல் சுருட்டிக் கிடந்த கம்பளத்தை எடுத்து முன்னறையில் விரித்திருந்தார்.

"மாப்பிள்ளை ரெடியா?" என்றார் அண்ணன்.

"ரெடி மச்சான். சட்டைகூட மாத்தியாச்சு" என்றார் கணவர்.

"நீங்க இல்ல."

"தெரியும் மச்சான். யாராவது என்னைக் கேக்க மாட்டாங்களான்னு ஒரு ஆசைதான்."

அண்ணன் நாற்காலியில் அமர்ந்து சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். சிவப்பு வளையம் எரிந்தது. நடைவழியின் கோடியில், சமையலறையிலிருந்து, "கதவு மூடுகிறது" என்று குரல் கேட்டது.

"எந்தக் கதவு?"

"எந்தக் கதவும் இல்ல. வாய்ப் பழக்கம்" என்றார் அக்கா.

தட்டில் முக்கால் குவளைத் தண்ணீருடன் அது புறப்பட்டு வந்தது. வேலையறையைத் தாண்டியது. படுக்கையறை வாசலில் நின்றது. "முதல் தளம். கதவு திறக்கிறது." அங்கே யாரும் இல்லை. அது காத்திருந்தது. அண்ணனின் பார்வை தங்கையிடம் போயிற்று. தங்கையின் பார்வை கணவரிடம் போயிற்று.

"அது வந்து, மூக்குக்கண்ணாடியை அங்க விட்டுட்டேன். எடுத்துட்டு வரும்போது கை தன்னால பட்டனை அழுத்திடுச்சு."

"நான் கூப்பிடறேன், அது அங்க போய் நிக்குது" என்றார் அண்ணன்.

"அங்க போகல. வர்ற வழியில நிக்குது. வழியில கை காட்டினவங்களை ஏத்திக்காம வர்றதுக்கு இது என்ன மந்திரி காரா?"

சொல்லி முடிப்பதற்குள் அது மீண்டும் நகர்ந்தது. முன்னறை வாசல் காந்தத்தைத் தாண்டியது. நாற்காலிக்கு நேராகத் திரும்பியது. முன்சக்கரங்கள் கம்பளத்தின் விளிம்பில் ஏறின. குவளையில் நீர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அங்கே நின்றது. மணி அடித்தது.

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

கம்பளத்தின் மேல் நின்றிருந்த கணவர் உடனே கீழே இறங்கினார். அண்ணன் இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். தாம் என்ன செய்தோம் என்பதை இருவரும் உணர ஒரு கணம் பிடித்தது.

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

"ஒரு டம்ளர் தண்ணி" என்றார் அண்ணன், பாதங்களை மெல்லக் கீழே வைத்தபடி. "அதுக்கே நின்னுடுச்சு."

"நிக்கல. மாட்டேங்குது."

"வாசல் வரைக்கும் வந்துட்டு மாட்டேன்னு சொன்னா எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பேசினது பேசினதுதானே?"

"பேசினதுதான்."

அக்காவின் குரல் அன்று முதன்முறையாக அறைக்குள்ளேயே அடங்கியது. காரணம் தேடவில்லை, இன்னொரு முறை பார்க்கலாம் என்றும் கேட்கவில்லை. கணவரிடம், "பழைய போர்டு பெட்டியை எடுத்துட்டு வாங்க" என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் முதுகுப்பக்கம் தரையில் உட்கார்ந்தார். அண்ணன் பபிள் ஷீட் சுருளின் கட்டை அவிழ்த்தார். கணவர் பெட்டியுடன் வந்து, அதைக் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து மணிக்கு ஒரு வண்டி வரும். இன்னும் சற்று நேரத்தில் அது மறுபடி வாளியாகிவிடும். அக்கா வழக்கம்போல் அதன் தலையில் இரண்டு முறை தட்டினார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"எடை அதிகம். ஒருவர் இறங்கவும்."

முதலில் சிரித்தது அண்ணன்தான். நாற்காலிப் பிடியில் கையை அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கணவரும் சேர்ந்துகொண்டார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் திருப்புளியைத் திருகாணியில் வைக்கவும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் கேட்டார்: "அது சரி, எடையை அது எப்படித் தெரிஞ்சுக்குது?"

"மோட்டார் இழுக்கற கரண்ட்டை அளக்குது. பாரம் கூடினா கரண்ட் கூடும். ஒரு அளவைத் தாண்டினா மாட்டேன்னு சொல்லும்."

"இதுவரைக்கும் எங்கெங்க ஓட்டிப் பார்த்த?"

"வீடு பூரா. தினமும்."

"கம்பளத்துல?"

அக்கா கம்பளத்தைப் பார்த்தார். பிறகு அதை விரித்தவரைப் பார்த்தார்.

"மச்சான் வர்றாரேன்னு..." என்றார் அவர்.

"கம்பளத்துல ஏறுறப்போ மேட்டுல ஏறுற மாதிரி மோட்டார் கூட இழுக்கும்" என்றார் அண்ணன். "கரண்ட் எகிறும். தட்டுல மலையே இருக்கறதா அது நெனச்சுக்கும். தண்ணி கனக்கல. தரை கனக்குது."

"லிஃப்ட்ல தரையே கிடையாது" என்றார் அக்கா, தமக்குள் பேசுவதுபோல். "மேல போகும், கீழ வரும். தண்டவாளம் எப்பவும் ஒரே வழவழப்பு. தரை மாறும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு." இருபத்தாறு ஆண்டுப் பயிற்சி உள்ள ஒருவருக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய பிழை அது.

"லிஃப்ட்ல எடையை எங்க அளப்பீங்க?"

"கேபின் தரைக்கு அடியில. அதுதான் சரியான முறை. இதுலயும் தட்டுக்கு அடியிலதான் வச்சிருக்கணும். இடம் இல்ல."

"இருக்கு."

"இல்ல அண்ணா. கண்ணாடி விட்டுப் பார்த்தேன். தட்டுக்குக் கீழ கட்டையா இருக்கு, அதுதான் உடம்பு."

"உடம்பு இல்ல. நான் வச்ச பலகை. முதல்ல அங்க டேப் ரிக்கார்டர் இருந்துச்சு, கேசட்டுலதான் புரோகிராம் ஏத்துவேன். சிப்புல ஏத்தின பிறகு டேப் ரிக்கார்டரை அப்பா பாட்டு கேக்க எடுத்துக்கிட்டாரு. பொந்து அசிங்கமா இருக்குன்னு பலகை வச்சு மூடி பெயின்ட் அடிச்சேன். நீ அப்ப பரிட்சைக்குப் படிச்சிட்டிருந்த."

சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து இறங்கி முழங்காலிட்டு, தட்டுக்கு அடியில் கைவிட்டுப் பலகையின் ஓரத்தை நகத்தால் தேடினார். பெயின்ட் பொடியாக உதிர்ந்தது. பலகை வந்தது. உள்ளே, ஒரு கை நுழையும் அளவுக்கு வெற்றிடம்.

"ஆகும்" என்றார் அக்கா. இம்முறை அது மொட்டை மாடி வரை கேட்டிருக்கும்.

எடையறியும் உணரி ஒன்று உடனே தேவைப்பட்டது. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய், மாவும் சர்க்கரையும் நிறுக்கும் தட்டைத் தராசுடன் திரும்பினார்.

"அது நல்லா வேலை செய்யுதேம்மா" என்றார் கணவர்.

"இனிமே இன்னும் நல்லா வேலை செய்யும்."

தராசின் தலையிலும் இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டு, அதன் வயிற்றில் எடையை உணரும் உலோகப் பட்டையைப் பிரித்தெடுத்தார். அண்ணன் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கோலைக் கையில் எடுத்தார். விளக்கின் கீழே இணைப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். கோலைத் தங்கையிடமே கொடுத்துவிட்டார். ஆக, பற்றவைத்தவர் தங்கை. திருகாணி முடுக்கியவர் அண்ணன். நடுநடுவே அண்ணன், "எர்த் கம்பியை முதல்ல குடு" என்றார். அக்கா, "நீ எனக்கு எண்பத்தாறுல சொன்னதே இதைத்தான்" என்றார். "அப்பவும் நீ கேக்கல" என்றார் அவர். நிரலில் மாற்ற வேண்டிய வரிகளை அக்கா மடிக்கணினியில் அடித்தபோது, அண்ணன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் உதட்டசைவில் படித்தார். இடையே ஒருமுறை, "அந்தக் கரண்ட் அளக்கறதை எடுத்துடாதே. அதுவும் இருக்கட்டும், சக்கரத்துல ஏதாவது சிக்கினா உதவும்" என்றார். அக்கா கம்பளத்துக்கு இடம் கொடுத்து அதன் வரம்பை மட்டும் உயர்த்தி, அந்த வரியை விட்டுவைத்தார்.

நாலரை மணிக்கு மாப்பிள்ளை மறுபடி சமையலறைக்கு அனுப்பப்பட்டது. கம்பளம் விரித்தபடியே கிடந்தது. அதைச் சுருட்டிவிடலாமே என்று கணவர் சொன்னதை உடன்பிறந்தவர்கள் இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். அண்ணன் பொத்தானை அழுத்தினார். கணவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கதவு மூடுகிறது."

வேலையறை. படுக்கையறை. வாசல் காந்தம். முன்சக்கரங்கள் கம்பளத்தில் ஏறின, மோட்டார்களின் ஓசை சற்றுத் தடித்தது, பின்சக்கரங்களும் ஏறின. நாற்காலிக்கு ஒரு சாண் முன்னால் அது நின்று, "கீழ்த்தளம். கதவு திறக்கிறது" என்றது. அண்ணன் குவளையை எடுத்தார். தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலிக் குவளையைத் தட்டில் வைத்துவிட்டு, தாமே எழுந்து போய்ச் சமையலறைப் பொத்தானை அழுத்தி, அது திரும்பிப் போவதை நடைவழியில் அதன் பின்னாலேயே நடந்து பார்த்தார்.

அவருடைய கைப்பேசி ஒலித்தது. அலமாரிக்காரர். வண்டி கிளம்பத் தயார் என்றார் போலும்.

"இல்லைங்க, வண்டி வேணாம். ரிப்பேர் எல்லாம் ஒண்ணும் இல்ல. அது வந்து, எப்படிச் சொல்றது, மாப்பிள்ளைக்கு வேலை கிடைச்சிடுச்சு."

மறுமுனை ஏதோ நீளமாகப் பேசியது. அண்ணன் கைப்பேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் கேட்டார். "கோவப்படறது நியாயம்தாங்க. வாக்கு குடுத்தது நான்தான், தப்பு என்னோடது" என்று முடித்துக்கொண்டார்.

"எனக்குந்தான் முப்பது வருஷமா வேலை இருக்கு. யாரும் இப்படி போன் பண்ணிச் சொன்னதில்ல" என்றார் கணவர்.

கருகிய பழைய பலகையை அண்ணன் பெட்டியிலிருந்து எடுத்தார். கொண்டுவந்த பபிள் ஷீட்டில் ஒரு முழம் வெட்டி, அதைச் சுற்றி, தம் தோள்பையில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

பிறகு இருவரும் குழந்தைகளாகிவிட்டார்கள் என்று எழுதத் தோன்றுகிறது, அது சரியன்று. பரிசோதகர்களாகிவிட்டார்கள். தட்டின் மேல் முதலில் கால் கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஏறியது. அதன் மேல் இன்னொன்று. பிறகு உப்பு. பிறகு கணவரின் கைக்கடிகாரம், அவருடைய ஆட்சேபத்தையும் மீறி. கம்பளத்தின் மேலும் வெறுந்தரையிலும் மாறி மாறி ஓட்டினார்கள். தொள்ளாயிரம் கிராமைச் சுமந்துகொண்டு மாப்பிள்ளை நடைவழி முழுதும் அலுங்காமல் போய் வந்தது. அதற்கு மேல் ஒரு பொட்டலம் ஏற்றியபோது மணியடித்தது. ஒருவர் இறங்க வேண்டியிருந்தது. அண்ணன் எட்டிப் பொட்டலத்தை எடுத்தார். உடனே, "கதவு மூடுகிறது" என்று கிளம்பிவிட்டது.

"எங்க காலத்துல இப்படிச் சொல்லியிருந்தா இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருக்கும்" என்றார் அண்ணன்.

"யாரு புத்தகம் அடுக்கினது?"

"நீதான்."

"நீதான்."

விளக்கேற்றும் நேரத்தில் அக்கா வேலையறையிலிருந்து மூன்று பொருள்களுடன் வந்தார்: இரண்டு விரல் அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு, எண் அச்சுகள் அடங்கிய டப்பா, சிறு சுத்தியல். எவ்வளவு எடை ஏற்றலாம் என்று சொல்லும் தகடு ஒவ்வொரு தூக்கியிலும் இருக்கும். அது பொருத்தப்படும்வரை தூக்கி மெக்கானிக்கின் பொறுப்பு. பொருத்திய பிறகு அது ஆட்களுடையது. அண்ணன் கேட்காமலேயே தரையில் உட்கார்ந்து, ஒரு மரக்கட்டையின் மேல் தகட்டை வைத்து இரு பெருவிரல்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தொள்ளாயிரம் அடி."

அக்கா டப்பாவில் அச்சுகளைப் புரட்டினார்.

"என்ன தேடற? ஒன்பது அங்கேதான் இருக்கு. தொள்ளாயிரம் தூக்குச்சுல்ல?"

"தூக்கும். அது நமக்குத் தெரிஞ்சாப் போதும். எழுதினதுக்கு மேல ஒண்ணு ஏத்தாத ஆளு உண்டா?"

சுத்தியல் மூன்று முறை விழுந்தது. அக்கா தகட்டைச் சட்டை நுனியால் துடைத்து, மாப்பிள்ளையின் தட்டு விளிம்பில் பொருத்தி, இரு முனையிலும் திருகாணி முடுக்கினார். அதில் இருந்தது: 600.